எபிசோட் 41: ஆமிஷ் ஊர்ல ஒரு வாரம் இருந்தா நமக்குப் பிடிக்குமா?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேசும்போது திரும்பத் திரும்பச் சொன்னதை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தார். ஒரே ஒரு கேள்விதான். "ப்ரோ, இந்த ஆமிஷ் மக்கள் மாதிரி கரண்ட், கார், போன் எதுவும் இல்லாம ஒரு வாரம் வாழ்ந்து பார்த்தா நமக்குப் பிடிக்குமா?"

அந்த மெயிலை நான் படிச்சது ராத்திரி 2:40-க்கு. எனக்கு அது ஆன்-கால் வாரம். ஏதோ ஒரு சர்வர் படுத்துடுச்சுன்னு போன் அலறி எழுப்பி விட்டிருந்தது. அதைச் சரிபண்ணிட்டு, தூக்கம் வராம உட்கார்ந்திருந்த நேரத்துல இந்தக் கேள்வி. "ஒரு வாரம் என்ன ப்ரோ, ஆயுசுக்கும் பிடிக்கும்"னு பதில் டைப் பண்ணேன். நல்லவேளை, அனுப்பல. அதுக்கப்புறம் ஒரு மாசம் இதைப் பத்திப் படிச்சேன். ஒரு சின்னச் சோதனையும் பண்ணிப் பார்த்தேன். பதில் மாறிடுச்சு. எப்படி மாறுச்சுங்கறதுதான் இந்த எபிசோட்.

யார் இவங்க?

கதை அமெரிக்காவுல ஆரம்பிக்கல, சுவிட்சர்லாந்துல ஆரம்பிக்குது. 1525 ஜனவரி 21, சூரிக் நகரம். கான்ராட் கிரேபல், ஃபெலிக்ஸ் மான்ஸ், ஜார்ஜ் பிளவ்ராக் என்று சில இளைஞர்கள் ஒரு வீட்டில் கூடி, ஒருவருக்கொருவர் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். இதுல என்ன பெரிய குத்தம்னு நமக்குத் தோணும். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஊரும் சபையும் ஒன்று. பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் அது சபைக்குள்ளும் வந்தது, ஊருக்குள்ளும் வந்தது. இவர்களோ, "விவரம் தெரியாத குழந்தை எப்படி வாக்குக் கொடுக்கும்? வளர்ந்த பிறகு தானே முடிவெடுத்து வரட்டும்" என்றார்கள். நகர மன்றத்துக்கு அது ராஜதுரோகம் மாதிரி. 1527 ஜனவரியில் ஃபெலிக்ஸ் மான்ஸைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். அடுத்த நூறு வருஷத்துல ஐரோப்பா முழுக்க ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதே கதிதான்.

இவர்களுக்கு அனபாப்டிஸ்டுகள் என்று பெயர், அதாவது மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள். இவர்களில் டிர்க் வில்லெம்ஸ் என்ற டச்சுக்காரரின் கதையை மட்டும் சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும். சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்மேல் ஓடுகிறார். துரத்தி வந்தவன் பனி உடைந்து உள்ளே விழுகிறான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிக் காப்பாற்றுகிறார். அதனாலேயே பிடிபடுகிறார். 1569-ல் அவரை எரித்துக் கொன்றார்கள். 1660-ல் வெளிவந்த தியாகிகள் வரலாறு ஒன்றில் இந்தக் கதை இருக்கு. இன்னைக்கும் பல ஆமிஷ் வீடுகளில் அந்தப் புத்தகம் இருக்கும்.

1693-ல் இந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒரு சண்டை. யாக்கோப் அம்மான் என்ற மூப்பர், "நம்ம ஆட்கள் ரொம்பத் தளர்ந்துட்டாங்க. வாக்கை மீறினவங்களோட சேர்ந்து சாப்பிடக்கூடக் கூடாது" என்று கண்டிப்பாக நின்றார். அவர் பக்கம் போனவர்கள்தான் ஆமிஷ். 18-ம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். மத சுதந்திரம் தருகிறோம், நிலமும் இருக்கு என்று வில்லியம் பென்னின் காலனி கூப்பிட்டது. ஐரோப்பாவில் மிஞ்சியிருந்த கடைசி ஆமிஷ் சபை 1937-ல் மென்னோனைட்டுகளோடு இணைந்துவிட்டது. இன்னைக்கு ஆமிஷ்னா வட அமெரிக்காதான். பென்சில்வேனியாவின் லாங்கஸ்டர், ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டி, இண்டியானாவின் வடபகுதி, இந்த மூணும்தான் பெரிய இடங்கள்.

1900 வாக்கில் இவர்கள் மொத்தமே ஐயாயிரம், ஆறாயிரம் பேர்தான். இன்னைக்குக் கிட்டத்தட்ட 4 லட்சம். மதப் பிரசாரம் பண்ணி வளரல. வீட்டுக்கு ஆறேழு குழந்தைகள், அதுல 100-க்கு 85-க்கு மேல் அங்கேயே தங்கிடறாங்க. வெளியிலிருந்து போய்ச் சேர்ந்து, நிலைச்சவங்க ரொம்ப ரொம்பக் கம்மி. நேயர் கேட்ட கேள்விக்கு வரலாறே ஒரு பாதி பதில் சொல்லிடுச்சு பாருங்க.

போனை வேண்டாம்னு சொன்ன கதை

"டெக்னாலஜியே ஆகாதுன்னு சொல்றவங்க"ன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு கருவியையும் தனித்தனியா எடுத்து, ஊர் கூடிப் பேசி முடிவு பண்றாங்க. எங்க ஆபீஸ்ல டிசைன் ரிவ்யூன்னு ஒண்ணு நடக்கும். அவங்க அதை நூறு வருஷத்துக்கும் மேலா பண்ணிட்டு இருக்காங்க. நாங்க "வேகமா ஓடுமா? எவ்வளவு செலவு?"ன்னு கேட்போம். அவங்க கேட்கறது, "இது வந்தா நாம ஒருத்தருக்கு ஒருத்தர் தேவைப்படாமப் போயிடுவோமா?"

போனையே எடுத்துக்கோங்க. லாங்கஸ்டர்ல சில ஆமிஷ் வீடுகளுக்குள்ள முதல்ல போன் வந்திருச்சு. ரெண்டு பெண்கள் போன்ல மூணாவது ஒரு பெண்ணைப் பத்திப் புறணி பேசினதுல பிரச்சினை வெடிச்சதுன்னு அவங்களே ஒரு கதை சொல்வாங்க. 1910 வாக்கில், வீட்டுக்குள் போன் கூடாது என்று முடிவானது. அது பிடிக்காம ஒரு கூட்டம் பிரிஞ்சே போயிருச்சு. ஆனா 1930-கள்ல, "ராத்திரி யாருக்காவது முடியலைன்னா டாக்டரைக் கூப்பிடணுமே"ன்னு சில குடும்பங்கள் கேட்டாங்க. சரி, பல வீட்டுக்கும் பொதுவாக, பாதை ஓரத்தில் ஒரு சின்னக் குடிசையில் ஒரு போன் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். நீங்க போய்ப் பேசலாம். அது உங்களைத் தேடி வந்து எழுப்பாது. 2:40 மணிக்காரனான எனக்கு இந்த இடத்துல கண்ணு கலங்கிடுச்சு.

பால் கதையும் இருக்கு. 1960-களின் கடைசியில், "பாலைப் பெரிய குளிர்தொட்டியில் வைத்தால்தான் வாங்குவோம்" என்று பால் கம்பெனிகள் சொல்லிவிட்டன. கரண்ட் கம்பி இழுக்க மாட்டார்கள். பாலை விற்காவிட்டால் பண்ணை போய்விடும். நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குளிரூட்ட டீசல் என்ஜின், பாலைக் கலக்கிவிட 12 வோல்ட் பேட்டரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லாரி வரக் கூடாது. கம்பெனிகளும் ஒத்துக்கிட்டாங்க.

இந்த மாதிரி விதிகளோட தொகுப்புக்கு ஓர்ட்னுங்னு பேரு. பெரும்பாலும் எழுதி வைக்கறதில்லை. சுமார் 25-லிருந்து 35 குடும்பம் சேர்ந்தது ஒரு சபை. ஒவ்வொரு சபைக்கும் ஓர்ட்னுங் கொஞ்சம் கொஞ்சம் வேற. வருஷத்துக்கு ரெண்டு தடவை, திருவிருந்துக்கு முன்னாடி எல்லாரும் கூடி, "இந்த விதிகளோடு நான் ஒத்துப்போகிறேன்" என்று சொல்லணும். பெரிய மனஸ்தாபம் இருந்தா திருவிருந்தையே தள்ளி வைப்பாங்க.

பிடிக்கும்கற பக்கம்

சரி, நாம போய் ஒரு வாரம் இருந்தா என்னெல்லாம் பிடிக்கும்?

உடம்புக்குப் பிடிக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் ஆமிஷ் மக்கள் 98 பேருக்கு, நடையை எண்ணும் கருவியை இடுப்பில் மாட்டிவிட்டு நடத்திய ஒரு ஆய்வு 2004-ல் வெளிவந்தது. ஆண்கள் சராசரியா ஒரு நாளைக்கு 18,425 அடி நடந்தாங்க. பெண்கள் 14,196. என் வாட்ச் 6,000-க்கே பட்டாசு வெடிச்சுக் காட்டும்.

நிம்மதி பத்தியும் ஒருத்தர் எழுதியிருக்கார். எரிக் பிரெண்டேன்னு ஒரு எம்.ஐ.டி. மாணவர். மனுஷனுக்கு நிஜமா எவ்வளவு மெஷின் தேவைன்னு பார்க்கப் புறப்பட்டு, மனைவியோட போய் ஆமிஷ் போலவே கரண்ட் இல்லாம வாழற ஒரு ஊர்ல 18 மாசம் இருந்தார். 2004-ல் புத்தகமாவும் எழுதினார். ஊர் பேரை மறைச்சு, அந்த மக்களுக்கு "மினிமைட்"னு ஒரு செல்லப் பேர் வச்சிருக்கார். சேர்ந்து செய்யற வேலை பாரமாத் தெரியல, பேசறதுக்கும் சும்மா இருக்கறதுக்கும் நேரம் அதிகமாவே கிடைச்சதுங்கறதுதான் அவர் சொல்றதோட சாரம். ஒருத்தன் தீ பிடிச்சுக் கொட்டகையை இழந்தா ஊரே திரண்டு வந்து கட்டிக் கொடுக்கற சமூகம் இது. இன்சூரன்ஸ் ஃபார்ம் கிடையாது, கஸ்டமர் கேர் கிடையாது. நமக்குள்ள இருக்கற ஏக்கம் இதுதானே?

ஞாயிற்றுக்கிழமை எப்படியோ, அது ஆளைப் பொறுத்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வழிபாடு. கோவில் கட்டடம் கிடையாது, யாராவது ஒருத்தர் வீடு. அந்த வீட்டுக்கு ஒரு வண்டியில் பெஞ்சுகள் வந்து இறங்கும். சாய்மானம் இல்லாத பெஞ்ச், மூணு மணி நேரம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாட்டெல்லாம் பழைய ஜெர்மன். 16-ம் நூற்றாண்டில் சிறையில் கிடந்தவர்கள் எழுதியதும் அதில் இருக்கு. ரெண்டாவதாப் பாடற ஒரே பாட்டு 20 நிமிஷம் போகும், அவ்வளவு நிதானம். முடிஞ்சதும் ரொட்டி, கடலை வெண்ணெய், ஊறுகாய், காபி. முதல் வாரம் எனக்கு இது அழகா இருக்கும். நாலாவது வாரம் முதுகு வலிக்கும்னு நினைக்கறேன்.

என் சின்னச் சோதனை

இதெல்லாம் படிச்ச ஜோர்ல, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போனை அணைச்சு பீரோவுல வச்சுப் பூட்டினேன். ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் எடுக்கறதில்லைன்னு முடிவு. ஆன்-கால் இல்லாத வாரம்தான், பயப்படாதீங்க.

சனிக்கிழமை காலையில சொர்க்கம். ஒன்பது மணிக்குக் காபி, ஒரு புத்தகத்துல 80 பக்கம். பத்தரைக்கு காலிங் பெல். கேஸ் சிலிண்டர் வந்திருக்கு. "சார், ஓடிபி சொல்லுங்க." ஓடிபி பீரோவுக்குள்ள. "அது இல்லாமக் கொடுக்க முடியாது சார், நாலு மாடி தூக்கிட்டு வந்திருக்கேன்"னு அவர் மூச்சு வாங்கிட்டு நின்னார். பீரோவைத் திறந்தேன். போனை உயிர்ப்பிச்சா ஓடிபியோட அம்மாவோட மிஸ்டு கால் ஏழு. அப்புறம் என் நண்பன் ஒருத்தன். காலையில அவன் கூட ஒரு இடத்துக்கு வர்றதாச் சொல்லியிருந்தேன், சுத்தமா மறந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல ஒரு மணி நேரம் நின்னிருக்கான். அம்மாவைக் கூப்பிட்டா, "நீ நிம்மதியா இருக்கணும்னு நான் இங்க பிபி மாத்திரை போட்டுட்டு உட்கார்ந்திருக்கணுமா?"ன்னு கேட்டாங்க.

பதில் சொல்ல முடியல. அப்பதான் ஒண்ணு உறைச்சது. போனை விட்டது நான் ஒருத்தன். விலை கொடுத்தது சிலிண்டர்காரர், அம்மா, நண்பன். ஆமிஷ் ஊர்ல யாருக்கும் வீட்டுக்குள்ள போன் இல்ல. அதனால நாலு மணி நேரம் ஆளைக் காணோம்னா யாரும் பதற மாட்டாங்க. அவங்களோட நிம்மதி எல்லாரும் சேர்ந்து விட்டதுல வந்தது. அதை நான் தனியா என் ஃப்ளாட்டுல தயாரிக்கப் பார்த்தேன்.

அப்படின்னா அவங்க ஊருக்கே போயிட்டா? அங்கதான் விலைப்பட்டியல் வருது.

விலை

போய்த் தங்கறது வேற, சேர்றது வேற. சேரணும்னா பென்சில்வேனியா டச்சுன்னு அவங்க பேசற ஜெர்மன் பேச்சுவழக்கைக் கத்துக்கணும். அவங்க விதிப்படி நீண்ட காலம் வாழ்ந்து காட்டணும். சபை ஒத்துக்கணும். அப்புறம் ஞானஸ்நானம். முழங்காலில் நின்று, ஆயுசு பூரா ஓர்ட்னுங்குக்குக் கட்டுப்படுவேன் என்று வாக்கு.

ஆண்கள் இன்னொரு வாக்கும் கொடுக்கணும். போதகர் தேவைப்பட்டா சீட்டுக் குலுக்குவாங்க. சபை முன்மொழிஞ்சவங்க ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு பாட்டுப் புத்தகம். ஒண்ணுக்குள்ள மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. அது யார்கிட்ட வருதோ அவர் அன்னையிலிருந்து சாகிற வரைக்கும் போதகர். படிப்பு கிடையாது, சம்பளம் கிடையாது, மாட்டேன்னு சொல்ல முடியாது. சீட்டு விழுந்தவங்க அழுதுடுவாங்க, வீட்டில இருக்கறவங்களும் அழுவாங்க. ஆயுசுக்கும் ஆன்-கால், நண்பர்களே. பெண்களுக்குச் சபையில் ஓட்டு உண்டு, பேரை முன்மொழியலாம். போதகர் ஆக முடியாது.

இதுக்கெல்லாம் அடியில கெலாஸன்ஹைட்னு ஒரு சொல் இருக்கு. "நான்"கறதை விட்டுக்கொடுத்து அடங்கறதுன்னு வச்சுக்கலாம். எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கணும்? 2006 அக்டோபர் 2, லாங்கஸ்டரின் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில், ஓரறைப் பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அவன் தன்னையும் சுட்டுக்கொண்டான். அன்று மாலையே ஆமிஷ்காரர்கள் சிலர் அவன் குடும்பத்தைத் தேடிப் போய், மன்னித்துவிட்டோம் என்றார்கள். அவன் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆமிஷ் மக்கள். பள்ளியை இடித்துவிட்டு வேறு இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். பனிக்குள்ள விழுந்தவனைத் தூக்க டிர்க் திரும்பி வந்தார்ல, அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவங்க இவங்க. போனை விட்டுக்கொடுக்கலாம். கோபப்படற உரிமையையும் விட்டுக்கொடுக்கணும்னா? என்னால முடியாது. முடியாதுன்னு சொல்றதுல பெருமையும் இல்லை.

இதே அடங்கிப்போற குணத்துக்கு இருட்டுப் பக்கமும் இருக்கு. வீட்டுக்குள்ளயும் ஊருக்குள்ளயும் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, "அவன் மன்னிப்புக் கேட்டுட்டான், நீ மன்னிச்சுடு"ன்னு வாயடைக்கப்பட்ட பெண்கள், வெளியே வந்து பேசியிருக்காங்க. மன்னிக்கணும்னு ஊரே சொல்லும்போது, மன்னிக்க முடியாதவள் எங்க போவா?

வெளியே போறதும் சுலபமில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்னாடி விலகினா ஒதுக்கி வைக்க மாட்டாங்க. பதினாறு வயசுலேர்ந்து ரம்ஸ்பிரிங்கான்னு ஒரு பருவம் இருக்கே, அது இதை முடிவு பண்றதுக்கான காலமும்தான். ஆனா வாக்குக் கொடுத்துட்டு மீறினா, அம்மா வீட்டுலயே தனி மேஜையில சாப்பாடு. யாக்கோப் அம்மான் 1693-ல் சண்டை போட்டது இதுக்குத்தான்.

அப்புறம் படிப்பு. எட்டாம் வகுப்போட முடிஞ்சிடும். விஸ்கான்சின்ல மூணு அப்பாக்கள், 14, 15 வயசுப் பிள்ளைகளை ஹைஸ்கூலுக்கு அனுப்ப மறுத்ததுக்கு ஆளுக்கு 5 டாலர் அபராதம். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972-ல் ஆமிஷ் பக்கம் தீர்ப்பானது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா? அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் பியானோ கலைஞராவோ, விண்வெளி வீரராவோ, கடலியல் ஆய்வாளராவோ ஆகணும்னு தோணலாமே? எட்டாவதோட நின்ன பையன் 22 வயசுல வெளியே வந்தா முதல்லேர்ந்து எல்லாத்தையும் தொடங்கணும். வீட்டில முதல் தலைமுறையா இன்ஜினியரிங் முடிச்சு, இந்த மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கற நான் இந்த இடத்தை லேசாத் தாண்டிப் போக முடியாது.

கடைசியா, பதில்

அந்த நேயருக்கு நான் அனுப்பின பதில் இதுதான்.

ப்ரோ, ஒரு வாரம் கண்டிப்பாப் பிடிக்கும். சாப்பாடு பிடிக்கும், தூக்கம் பிடிக்கும், ராத்திரி இருட்டு பிடிக்கும். ஆனா அந்த ஒரு வாரத்துல நீங்க பார்க்கறது அவங்க வாழ்க்கையோட விளைவு மட்டும்தான். "எட்டாவது நாள் கிளம்பிடுவேன்"னு தெரிஞ்சே இருக்கறவருக்கு, கிளம்ப முடியாததால வர்ற பந்தம் கிடைக்காது. கொட்டகை கட்ட ஓடி வர்ற கைகளும், மீறினா தனி மேஜை போடற கைகளும் ஒண்ணுதான். அதுல ஒண்ணை மட்டும் ட்ரையல்ல எடுத்துக்க வழியில்லை.

எரிக் பிரெண்டேயும் 18 மாசத்துல கிளம்பிட்டார். ஆனா வெறுங்கையோட போகல. பிற்பாடு செயின்ட் லூயிஸ் நகரத்துல குடும்பத்தோட, சோப்பு தயாரிச்சு வித்து, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைச்சார். நான் எடுத்துக்கிட்டது அதைவிடச் சின்னது. அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மா, தங்கச்சி, அந்த பஸ் ஸ்டாப் நண்பன் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டேன்: "ஞாயிறு மதியம் வரைக்கும் நாம யாரும் போன் தொட வேண்டாமா? அவசரம்னா அம்மா வீட்டு லேண்ட்லைன்." அம்மா கொஞ்சம் யோசிச்சாங்க. "சரி, ஆனா சீரியல் பார்ப்பேன்"னாங்க. தங்கச்சி ஒத்துக்கல, பேச்சுவார்த்தை நடக்குது. மூணு வாரமா ஓடிட்டு இருக்கு. எங்க வீட்டு ஓர்ட்னுங்.

உங்க வீட்டில இந்த மாதிரி எதையாவது சேர்ந்து விட்டுப் பார்த்திருக்கீங்களா? எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.